கணுக்கால் ஒப்பரேசனுக்கு முன் இன்னொரு டொக்டரிடம் காட்டலாமா?

கிளிநொச்சி தருமபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 61 வயது, முரசுமோட்டையில் வயல் செய்கிறார். 2009 இல் ஷெல் பட்டு வலது கணுக்கால் உடைந்தது. அப்போது முடிந்த அளவில் பொருத்தி பிளாஸ்டர் போட்டார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் கொஞ்சம் கோணலாக. இப்போது இரண்டு வருடமாக நோ தாங்க முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த எலும்பு நிபுணர், மூட்டு தேய்ந்துவிட்டது, ஸ்குரூ போட்டு மூட்டை ஒட்டிவிட வேண்டும் என்று சொல்லித் திகதியும் கொடுத்துவிட்டார். "இன்னொரு டொக்டரிட்டக் காட்டலாமோ? காட்டினால் இவர் கோவிச்சு எங்களைப் பாக்காமல் விட்டிடுவாரோ?" இதுதான் அவருடைய கேள்வி.

காட்டலாம் தங்கச்சி. கட்டாயம் காட்டுங்கள் என்றே சொல்வேன். நான் டொக்டர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் வன்னியில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்தவள். ஒப்பரேசன் முடிந்து கட்டு அவிழ்த்த கால்கள் நடப்பதற்காக எங்களிடம்தான் வரும். எது யாருக்குச் சரிவந்தது, எது சரிவரவில்லை என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் கோபம் பற்றிய பயம். எங்கள் சனத்துக்கு இது பெரிய பயம். கிளினிக்கில் கொப்பிகள் குவிந்திருக்கும், நிபுணர் ஒருவர்தான் இருப்பார், அவரையும் பகைத்துக்கொண்டால் எங்கே போவது என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில், நேராகவும் மரியாதையாகவும் கேட்டவர்களிடம் டொக்டர்மார் கோபித்ததை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். சொல்லாமல் ஒளித்துப் போய், இரண்டு இடத்திலும் மருந்து எடுத்து, கடைசியில் குழம்பி வந்து நிற்பவர்களிடம்தான் அவர்களுக்கு எரிச்சல் வரும். "டொக்டர், இது பெரிய ஒப்பரேசன். அப்பாவுக்கும் பயமாக் கிடக்கு. யாழ்ப்பாணத்திலயும் ஒருக்காக் காட்டிட்டு வாறம், ஒரு கடிதம் தருவீங்களோ?" என்று கேளுங்கள். கடிதம் தந்தால் அடுத்த இடத்தில் வேலை பாதியாகக் குறையும். தராவிட்டாலும் உங்கள் கிளினிக் கொப்பி உங்கள் கையில்தான் இருக்கிறது. கொடுத்த திகதியை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

அப்பாவின் விஷயத்தில் இதற்கு நேரமும் இருக்கிறது. வருடக்கணக்காகத் தேய்ந்த மூட்டு, இரண்டு மாதம் பிந்தினால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் இதை வாசிக்கிற வேறு ஆட்கள் இருப்பீர்கள், அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் காலுக்கும் இப்படி நேரம் இல்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், கணுக்கால் புரண்டு பாதம் வெளுத்துக் குளிர்ந்திருந்தால், சீனி வருத்தக்காரருக்குப் பாதம் வீங்கிக் கறுத்து மணம் வந்து காய்ச்சலும் அடித்தால், இன்னொரு டொக்டரைத் தேடி பஸ் ஏறக் கூடாது. கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஒப்புக்கொடுக்க வேண்டும். குதிக்காலுக்கு மேலே உள்ள பெரிய நரம்பு, அதாவது தசைநார், அறுந்தாலும் இரண்டு கிழமைக்குள் முடிவெடுப்பது நல்லது. புதிதாக விலகி உடைந்த எலும்பும் அப்படித்தான். மூன்று கிழமை தாண்டினால் பிழையான இடத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடும், பிறகு சரிப்படுத்துவது கடினம்.

சரி, அப்பாவுக்குச் சொன்ன ஒப்பரேசன் என்ன? மூட்டில் மிஞ்சியிருக்கிற குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, கீழ்க்கால் எலும்பையும் அதற்குக் கீழே உள்ள கணு எலும்பையும் சேர்த்து வைத்து ஸ்குரூவோ பிளேட்டோ போட்டு இறுக்குவார்கள். இரண்டும் ஒரே எலும்பாக ஒட்டிவிடும். அசைவு போய்விடும், அசைவு போனதால் அந்த மூட்டின் நோவும் பெரும்பாலும் போய்விடும். நல்ல ஒப்பரேசன்தான், பழையது, பலருக்கு நிம்மதி கொடுத்தது. ஆனால் ஒருமுறை ஒட்டினால் அந்த அசைவு திரும்பி வராது. பத்துப் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் ஒட்டாமலும் போகலாம். சுருட்டு, பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. பல வருடம் கழித்துப் பக்கத்து மூட்டுகள் கூடுதல் சுமை தாங்கித் தேயலாம். இவ்வளவையும் யாராவது அப்பாவுக்கு இருந்து விளங்கப்படுத்தினார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளி என்று போகிற கிளினிக்கில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இரண்டாவது டொக்டரிடம் போகும்போது "வெட்டலாமா, வேண்டாமா" என்ற கேள்வியோடு மட்டும் போகாதீர்கள். அதற்கு முதல் கேட்க வேண்டியது, நோ எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பது. நாங்கள் கணுக்கால் என்று ஒரே சொல்லாகச் சொல்கிற இடத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு மூட்டுகள் இருக்கின்றன. மேல் மூட்டு பாதத்தை மேலும் கீழுமாக அசைக்கிறது. கீழ் மூட்டு பாதத்தை உள்ளுக்கும் வெளியிலுமாகச் சரிக்கிறது. வரம்பில் நடக்கும்போதும், கல்லும் மேடு பள்ளமுமான இடத்தில் கால் வைக்கும்போதும் வேலை செய்வது கீழ் மூட்டுத்தான். பழைய காயம் உள்ளவர்களுக்கு இரண்டுமே தேய்ந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் இரண்டும் பழுதாகத் தெரியும், ஆனால் நோ ஒன்றில் மட்டும் இருக்கலாம்.

பனையிலிருந்து விழுந்து குதிக்கால் நொருங்கிய ஒரு ஐயா எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஆறு வருடம் கெந்தினார். ஒரு இடத்தில் எக்ஸ்ரே பார்த்து மேல் மூட்டை ஒட்டச் சொல்லியிருந்தார்கள். மகன் பிடிவாதமாக வேறு ஊரில் இன்னொரு நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போயிருந்தேன். அந்த டொக்டர் எக்ஸ்ரேயை மேசையில் வைத்துவிட்டு முதலில் காலைத்தான் பிடித்தார். வெளிக் கணுவுக்குக் கொஞ்சம் முன்னுக்கும் கீழுமாக ஒரு குழி இருக்கும், தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்தக் குழியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். ஐயா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். பிறகு ஒருநாள் எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்து அந்தக் கீழ் மூட்டுக்குள் விறைப்பு மருந்து ஊசி போட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்து ஐயா வளாகத்து முற்றத்தில் தடியில்லாமல் மூன்று சுற்று நடந்தார். மருந்து முறிந்ததும் நோ திரும்ப வந்தது. அதனால்தான் விஷயம் உறுதியானது: ஒட்ட வேண்டியது கீழ் மூட்டு. மேல் மூட்டை ஒட்டியிருந்தால் அவருக்கு இருந்த அசைவும் போயிருக்கும், நோ அப்படியே இருந்திருக்கும். முதலில் பார்த்தவரும் கெட்ட டொக்டர் இல்லை. எக்ஸ்ரேயில் மேல் மூட்டும் தேய்ந்துதான் இருந்தது.

ஆகவே கேளுங்கள்: "நோ இந்த மூட்டிலதான் எண்டு எப்படி உறுதிப்படுத்தினீங்கள்? ஊசி போட்டுப் பாக்கலாமோ?" எக்ஸ்ரே படுத்தபடி எடுத்ததா, நின்றபடி எடுத்ததா என்றும் பாருங்கள். உடம்பின் பாரம் காலில் இறங்கும்போதுதான் மூட்டு இடைவெளி எவ்வளவு மிச்சம், எலும்பு எந்தப் பக்கம் சரிகிறது என்பது தெரியும். படுத்தபடி எடுத்ததை மட்டும் வைத்து இந்த முடிவுக்குப் போகக் கூடாது. கோணலாக ஒட்டிய எலும்புக்கு சீடி ஸ்கானும் உதவும்.

வன்னிக் கால்களுக்கென்று இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, உள்ளே கிடக்கிற பீஸ். ஷெல் துண்டு உடம்பில் எங்கே இருந்தாலும், காலில் மட்டுமில்லை, தலையிலோ முதுகிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ இருந்தாலும், எம்ஆர்ஐ எடுக்க முன்னம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மெஷினின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடியது. கேட்டால்தான் சொல்வது என்று இருக்காதீர்கள். மற்றது சீழ். அந்தக் காயம் ஆறிய பிறகு எப்போதாவது திரும்ப உடைத்துக்கொண்டு நீர் வடிந்ததா? சின்ன எலும்புத் துண்டு ஏதும் வெளியே வந்ததா? மழைக்காலத்தில் சிவந்து சூடாகுமா? எலும்புக்குள் பழைய கிருமி வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். அதற்கு மேல் புதிதாக இரும்பு வைத்தால் எல்லாம் கிளம்பிவிடும். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள் செய்து, தேவைப்பட்டால் உள்ளிருந்து மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் ஸ்குரூ பற்றிப் பேச வேண்டும். எங்கள் ஆட்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. அந்த நாட்களைத் திரும்பக் கதைக்க மனம் வராது, அது எனக்கு விளங்கும். அப்பா கதைக்காவிட்டால் அம்மாவிடம் கேட்டு நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாதம் பட்டது, எங்கே கட்டினார்கள், எத்தனை தரம் துப்புரவு செய்தார்கள், முகாமில் இருந்தபோது புண் எப்படி இருந்தது. ஒரு பக்கம் போதும்.

அப்பாவுக்குச் சீனி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி பாருங்கள். 8 க்கு மேல் என்றால் பல நிபுணர்கள் ஒப்பரேசனைத் தள்ளித்தான் போடுவார்கள். சீனி இல்லாவிட்டாலும் பாதத்தின் மேற்பக்கத்திலும் உட்கணுவுக்குப் பின்னாலும் நாடி அடிக்கிறதா என்று யாராவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரத்தம் சரியாக வராத பாதத்தில் வெட்டின இடம் ஆறாது. சீனியால் கறுத்த விரலை எடுக்கச் சொல்லி வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கிருமி ஏறி உயிருக்கு ஆபத்து என்ற அவசரம் இல்லையென்றால், விரலை எடுக்க முன்னம் இரத்தநாள நிபுணர் ஒருவர் பார்த்தாரா என்று கேளுங்கள். ஓட்டத்தைச் சரிசெய்யாமல் விரலை எடுத்து, புண் ஆறாமல், பிறகு பாதத்தை எடுத்து, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்த கால்களுக்கு நான் நடை பழக்கியிருக்கிறேன். அந்த வேலையில் எனக்கு ஒரு நாளும் மனம் ஆறியதில்லை.

அடுத்தது அப்பாவின் சீவியம். இதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும். வலது கணு அசையாவிட்டால் மோட்டார் சைக்கிளின் பின் பிறேக்கை பாதத்தால் மட்டும் மிதிக்க முடியாது, முழுக் காலையும் தூக்கி வைக்க வேண்டும். குந்தி இருந்து நாற்றுப் பிடுங்க, புல்லுப் பிடுங்க முடியாது. குந்துகிற கக்கூஸ் என்றால் கொமேட் வைக்க வேண்டும். சேற்றில் லாண்ட்மாஸ்டருக்கு (கையால் பிடித்து உழுகிற இரண்டு சில்லு உழவு மெஷின்) பின்னால் நடப்பது கடினமாகும், ஆனால் இப்போதே நோவோடு நடப்பவருக்கு அது சுகமாகவும் இருக்கலாம். கதிரை மேசையில் வேலை செய்யும் ஒருவருக்கும் அப்பாவுக்கும் ஒரே எக்ஸ்ரே இருந்தாலும் ஒரே முடிவு பொருந்த வேண்டும் என்றில்லை. "நான் இன்னும் பத்து வருசம் வயல் செய்ய வேணும்" என்று அவர் வாயால் சொல்லட்டும். அதைக் கேட்டுத்தான் நல்ல டொக்டர் வழி சொல்வார்.

வேறு வழி என்ன என்றும் கேளுங்கள். எலும்பு கோணலாக ஒட்டியதால்தான் மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், எலும்பை வெட்டி நிமிர்த்தி மூட்டைக் காப்பாற்ற இடமிருக்கலாம். செயற்கை மூட்டு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் சேற்றிலும் பாரத்திலும் வேலை செய்கிறவருக்கு அதைப் பெரும்பாலும் விரும்பமாட்டார்கள். ஒப்பரேசன் இல்லாமல் கணுவை அசையாமல் பிடிக்கிற பெல்ட், அடிப்பக்கம் உருண்ட சப்பாத்து, இடது கையில் ஒரு ஊன்றுதடி, இவற்றை ஒழுங்காக மூன்று மாதம் பாவித்துப் பார்த்தாரா? வலது காலில் நோ என்றால் தடி இடது கையில்தான். நிறையப் பேர் மாறிப் பிடிக்கிறார்கள். மூட்டுக்குள் ஸ்டீரோயிட் ஊசி போட்டால் சில கிழமையோ சில மாதமோ சுகம் கிடைக்கும். ஆனால் அது போட்ட கையோடு ஒப்பரேசன் செய்தால் கிருமி தொற்றும் ஆபத்து கூடும் என்பதால் மூன்று மாதம் போல இடைவெளி விடுவார்கள். ஆகவே ஊசி போட முன்னமே திகதியை யோசியுங்கள்.

மருந்துக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக் குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வவுனியா, அநுராதபுரம் பக்கங்களில் விவசாயிகளுக்குக் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நோவுக்கு என்று தினமும் இந்தக் குளிசை போடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல். அப்பா எத்தனை நாளாகப் போடுகிறார் என்று உண்மையைச் சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். பரியாரியிடம் எண்ணெய் போடுவதை நான் தடுக்கமாட்டேன், உளைவுக்குச் சுகமாக இருக்கும். தேய்ந்த மூட்டை ஒட்டுவதா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. பாதம் விறைத்த ஆளுக்குச் சூட்டு ஒத்தடம் மட்டும் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோனாலும் தெரியாது.

எங்கே காட்டுவது? அதே ஆஸ்பத்திரியில் முதல் டொக்டருக்குக் கீழ் வேலை செய்கிறவரிடம் காட்டி இரண்டாம் கருத்து என்று நினைக்காதீர்கள். தருமபுரத்திலிருந்து பரந்தன் சந்திக்கு வந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நேர் பஸ். இல்லையென்றால் ஏ9 இல் மற்றப் பக்கம் வவுனியா, அதற்கும் அப்பால் அநுராதபுரம், கொழும்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கடிதத்தோடு போனால் காசு இல்லை, நேரம்தான் போகும். அவசரம் என்றால் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்துக் காட்டலாம். ஒருதரம் காட்டுகிற காசு, பிழையான ஒப்பரேசனால் இழக்கிற ஒரு போகத்தை விடக் குறைவு. யாரிடம் சனல் பண்ணினாலும் முதலில் கேட்க வேண்டியது: கால், கணுக்கால் ஒப்பரேசன் இவர் அடிக்கடி செய்கிறாரா? எலும்பு டொக்டர் எல்லோரும் எல்லா மூட்டிலும் ஒரே அளவு கை பழகியவர்கள் இல்லை.

போகும்போது கிளினிக் கொப்பி, பழைய டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தருகிற அட்டை), எல்லா எக்ஸ்ரேயும், போடுகிற குளிசைகளின் மட்டையும் வேண்டும். எக்ஸ்ரேயைச் சுருட்டி உரப்பையில் வைக்காதீர்கள். மெத்தைக்குக் கீழே வைத்து, ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், உரித்தபோது படமே கிழிந்து வந்த எக்ஸ்ரேக்களை நான் கண்டிருக்கிறேன். தட்டையாக ஒரு மட்டைக்குள் வையுங்கள். பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று தெரியும். உள்ளே போனதும் முதல் டொக்டர் சொன்ன முடிவைச் சொல்லித் தொடங்காமல், நோவைச் சொல்லித் தொடங்குங்கள். அவர் தன் கையால் பார்த்து முடித்த பிறகு மற்றதைச் சொல்லலாம்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் "எக்ஸ்ரேயை வட்ஸ்அப்பில போடு, இங்க ஒரு டொக்டர் பாப்பார்" என்பார்கள். போடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தருவார்கள், அது உதவி. ஆனால் படத்தைப் பார்த்து யாரும் அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்த முடியாது. முடிவை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் மனம் ஆறிச் செய்யலாம். வேறு வேறாகச் சொன்னால் பயப்பட வேண்டாம், எதில் வேறுபடுகிறார்கள் என்று பாருங்கள். வருத்தம் இதுதான் என்பதில் இருவரும் ஒத்து, ஒருவர் இப்போதே என்றும் மற்றவர் பொறுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னால், அது அப்பா தன் நோவையும் வயலையும் வைத்து எடுக்க வேண்டிய முடிவு. எந்த மூட்டு என்பதிலேயே வேறுபட்டால்தான் மூன்றாவது ஆளிடம் போக வேண்டும். விருப்பமான பதில் வரும்வரை டொக்டர் மாற்றிக்கொண்டே போவதும் நல்லதில்லை. அப்படி நாலு வருடம் சுற்றிய ஒருவரின் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து பழுதானதைப் பார்த்தேன்.

செய்வதென்று முடிவானால் திகதியை வயலோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு கிழமை போலக் கால் நிலத்தில் ஊன்ற முடியாது, எலும்பு ஒட்ட மூன்று மாதம் போல, பாரமான வயல் வேலைக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ. காலபோகம் (ஐப்பசி மழைக்கு விதைக்கிற பெரும்போகம்) வெட்டி முடிந்த மாசி, பங்குனியில் செய்தால் ஐப்பசி மழைக்கு விதைக்க ஓரளவு தயாராகலாம். கிணற்றிலிருந்து தண்ணீர் யார் அள்ளுவது, மணல் முற்றத்தில் ஊன்றுகோல் புதையாமல் கக்கூஸ் வரைக்கும் என்ன போடுவது, ஸ்குரூ பிளேட்டை ஆஸ்பத்திரி தருமா வெளியில் வாங்க வேண்டுமா, இதெல்லாம் முதலே கேட்டுவையுங்கள். சுருட்டு இருந்தால் இன்றைக்கே விடச் சொல்லுங்கள்.

2009 இல் அப்பாவின் காலைப் பற்றி முடிவெடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கட்டியவர்கள் அந்த நிலைமையில் செய்யக்கூடியதைச் செய்தார்கள், கால் மிஞ்சியது. இந்தத் தடவை நேரம் இருக்கிறது, அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அப்பாவை வரம்பில் ஒரு சுற்று நடக்கவிடுங்கள். நோ தொடங்கியதும் உள்ளங்கையால் தடவிக் காட்டாமல் ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் பேனையால் ஒரு புள்ளி போடுங்கள். இரவு கால் கழுவும்போது அழிந்தால் காலமை திரும்பப் போட்டுவிடுங்கள்.